எடையும் ஜோசியமும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் டெய்லர்களைக் கொஞ்சம் வாரியிருந்தேன். தீபாவளிக்குக் கொடுத்த சட்டை பொங்கலுக்கு வந்தது, வந்த சட்டைக்குள் நானும் என் மைத்துனனும் சேர்ந்தே நுழையலாம் போலிருந்தது, இத்யாதி. அதற்கு ஒரு வாசகி கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். ‘உங்கள் வீட்டில் தையல் மெஷின் மிதித்தவர்கள் யாருமே கிடையாதா? இருந்தால் இப்படிக் கிண்டல் செய்ய மனசு வருமா?’

இருந்தார், அம்மணி. என் பெரிய அத்தை.

மயிலாடுதுறையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தையல் டீச்சர். ரிடையரான பிறகு வீட்டுத் திண்ணையில் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே ரவிக்கை தைத்தார். கழுத்தில் தாலிச் சங்கிலி ஒன்று, இஞ்ச் டேப் ஒன்று. இரண்டையும் கழற்றி நான் பார்த்ததில்லை. ஒரு கல்யாண வீட்டில் நுழைந்தால் அத்தை முகத்தைப் பார்க்க மாட்டார். தோளைப் பார்ப்பார். “அவ ஒரு இஞ்ச் இளைச்சிருக்கா. மாமியார் வீட்ல ஏதோ சரியில்லை” என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நான் அதற்கு நேர் எதிர்க் கட்சி. எனக்கு இஞ்ச் புரியாது, கிலோ புரியும். சின்ன வயசில் ரயில்வே ஸ்டேஷனில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று நிற்குமே, ஞாபகமிருக்கிறதா? கலர் கலராக பல்பு எரியும், சக்கரம் சுற்றும், காசு போட்டால் ‘டொக்’கென்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ஜோசியம். ‘உங்கள் நல்ல குணத்தால் அனைவரையும் கவர்வீர்கள்’ என்று இருக்கும். அந்த அட்டையை நம்பித்தான் நான் பல காரியங்களில் இறங்கி அடிபட்டிருக்கிறேன்.

எடையையும் எதிர்காலத்தையும் ஒரே அட்டையில் அச்சடித்த அந்த மெஷின்காரன் என் மண்டைக்குள் ஒரு தப்பான பாடத்தை ஏற்றிவிட்டான். எடை நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும் என்ற பாடம். அது தப்பு என்று தெரிய எனக்கு 2018ம் வருஷம் வரவேண்டியிருந்தது.

* * *

அந்த வருஷம் மே மாதம் அத்தை போன் பண்ணினார்.

“டேய் தம்பி, ஒரு அதிசயம்டா. ரவிக்கை கை லூஸாகுது. ரெண்டு தடவை பிடிச்சுட்டேன். ஆனா பாவாடை நாடா மட்டும் எட்ட மாட்டேங்குது. கை இளைச்சா இடுப்பும்தானே இளைக்கணும்?”

“வயசாகுது அத்தை. எனக்குந்தான் தொப்பை போட்டுடுச்சு.”

“உனக்குத் தொப்பை போட்டப்போ கையும் பெருத்துதேடா!”

அறுபத்தாறு வயதுக்கு என்ன கூர்மை பாருங்கள். நான்தான் கேட்கவில்லை. “எடை எவ்வளவு?” என்றேன். அறுபத்தொன்று என்றார். போன வருஷமும் அறுபதுதான். “அப்புறம் என்ன கவலை? வாயுவா இருக்கும்” என்று டாக்டர் பட்டம் இல்லாமலே வைத்தியம் சொன்னேன். ஓம வாட்டர், சீரகத் தண்ணி, பெருங்காயம் போட்ட மோர். குடும்பத்தில் ஆளுக்கொரு கஷாயம் சிபாரிசு செய்தோம்.

சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய்க்குள் வயிறு நிரம்பிவிடுகிறது, ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகவேண்டியிருக்கிறது என்றெல்லாம் அத்தை சொன்னதை நாங்கள் வாயுக் கணக்கிலேயே எழுதினோம். ஜூன் மாதம் ஸ்கேன் எடுத்தபோது வாயு இல்லை. சினைப்பையில் புற்றுநோய். வயிறு பூராவும் நீர்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, பெண் வாசகர்களுக்கு ஒரு சேதி. வயிறு உப்புசம், அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்புவது, அடிக்கடி சிறுநீர் போவது. இந்த நான்கில் ஏதாவது ஒன்று, முன்பு இல்லாமல் இந்த ஒரு வருஷத்துக்குள் புதிதாக ஆரம்பித்து, மாதத்தில் பன்னிரண்டு நாளைக்கு மேல் வந்தால், பெருங்காயத்தை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். 2007ல் அமெரிக்காவில் ஒரு குழு நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து வகுத்த கணக்கு இது. பெரும்பாலும் வாயுவாகத்தான் இருக்கும். இல்லாமலும் இருக்கலாம். இந்தப் புற்றுநோய் பலருக்கும் வயிறு முழுக்கப் பரவிய பிறகுதான் தெரியவருகிறது.

* * *

ஆஸ்பத்திரியில் முதலில் வயிற்றிலிருந்து நாலு லிட்டர் நீரை எடுத்தார்கள். மறுநாள் எடை ஐம்பத்தேழு. வீட்டில் ஒரே அலறல். “ஒரே ராத்திரியில நாலு கிலோ போச்சே!” என்று அத்தை மகள் அழுதாள்.

கணக்கு எளிதுதான். நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. அத்தையின் நிஜமான எடை ஏற்கெனவே ஐம்பத்தேழுக்கு இறங்கிவிட்டது. போன மூணு கிலோ சதைக்குப் பதிலாக நாலு கிலோ நீர் வந்து உட்கார்ந்துகொண்டு மெஷினை ஏமாற்றியிருக்கிறது. கல்லாப்பெட்டியில் நோட்டை உருவிவிட்டு அதே கனத்துக்குக் கல்லைப் போட்டு வைத்த மாதிரி. தூக்கிப் பார்த்த முதலாளி திருப்தியாகத் தூங்கியிருக்கிறார்.

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு டயரி வாங்கி, வாரா வாரம் அத்தையின் எடையைக் குறித்து வந்தேன். முதலில் மூன்று தடவை கீமோ. மூன்று வாரத்துக்கு ஒன்று. அப்புறம் ஆபரேஷன். அப்புறம் இன்னும் மூன்று. இதுதான் திட்டம். மூன்றாவது கீமோ முடிந்தபோது எடை ஐம்பத்தெட்டரை. ஏறியிருக்கிறது! நான் கால் கிலோ மைசூர்பா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். அத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

“ரவிக்கை இன்னும் லூஸாகுதுடா” என்றார்.

“மெஷின் பொய் சொல்லாது அத்தை.”

“டேப்பும் சொல்லாது.”

* * *

இதை எனக்குப் புரிய வைத்தது என் நண்பரின் மகள். ரேடியாலஜி படித்தவள். அத்தை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம் பார்க்க வந்தாள். நான் பெருமையாக என் டயரியைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்த மாதிரி பாவனை செய்துவிட்டு, “ஸ்கேன் படங்கள் இருக்கா அங்கிள்?” என்றாள். ஜூனில் எடுத்தது ஒன்று, ஆபரேஷனுக்கு முன்னால் செப்டம்பரில் எடுத்தது ஒன்று. இரண்டும் அலமாரியில் வேட்டிக்கடியில் இருந்தன.

ஸி.டி. ஸ்கேன் என்றால் என்ன? கத்தியில்லாமல் மனிதரை வாழைத்தண்டு மாதிரி வட்டம் வட்டமாக நறுக்கிப் பார்ப்பது. இதைச் செய்துகாட்டிய இங்கிலாந்து எஞ்சினீயர் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், கணக்குப் போட்டுக் கொடுத்த கார்மேக்குக்கும் 1979ல் நோபல் பரிசு. ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரில் ஓர் அளவே இருக்கிறது. தண்ணீருக்கு பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் ஆயிரம். கொழுப்பு மைனஸ் 190லிருந்து மைனஸ் 30க்குள் விழும். தசை மைனஸ் 29லிருந்து ப்ளஸ் 150க்குள். ஆகவே படத்தில் எது கொழுப்பு, எது தசை, எது நீர் என்று கம்ப்யூட்டர் பிரித்துவிடும். எடை மெஷினுக்கு இந்த வித்தை தெரியாது. அதற்கு எல்லாமே கிலோ.

தமிழிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. ‘நல்லா சதை போட்டுட்டே’ என்று சொன்னால் அது தசையா, கொழுப்பா? யாரும் கேட்பதில்லை. கொழுப்பு என்று தெளிவாகச் சொன்னால் சண்டை வரும்.

அந்தப் பெண் படத்தில் ஒரு வட்டத்தைக் காட்டினாள். “இது இடுப்பு முதுகெலும்புல மூணாவது. இந்த இடத்துல ஒரு வில்லை எடுத்து, அதுல தசை எவ்வளவு சதுர சென்டிமீட்டர்னு பார்த்தா போதும் அங்கிள். உடம்பு முழுக்க எவ்வளவு தசை இருக்குன்னு ஓரளவு சொல்லிடலாம்.”

ஒரு சோற்றுப் பதம்!

ஜூன் மாதத்து வில்லையில் முதுகெலும்பைச் சுற்றி, வயிற்றுச் சுவரை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருந்தது. செப்டம்பர் வில்லையில் அந்தப் பட்டை ஒடுங்கியிருந்தது. நிறமும் மங்கியிருந்தது. “தசை குறைஞ்சது ஒண்ணு, மிச்சமிருக்கிற தசைக்குள்ளயும் கொழுப்பு புகுந்திருக்கு. அது ரெண்டாவது” என்றாள். கரையான் அரித்த உத்தரம் மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் அதே பருமன். தட்டினால்தான் தெரியும்.

என் டயரியில் ஏறிய ஒன்றரைக் கிலோ? கொஞ்சம் கொழுப்பு, கால் வீக்கத்தில் கொஞ்சம் நீர். அதற்குத்தான் நான் மைசூர்பா கொடுத்தேன்.

* * *

இதில் ஜோசியம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வருகிறேன்.

ஒல்லியாக இருக்கும் நோயாளிதான் ஆபத்தில் இருக்கிறார், குண்டாக இருப்பவருக்குப் பரவாயில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு அப்படித்தான் சொல்லும். அது பெல்ஜியத்தில் கெட்லே என்ற கணித மேதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் கூட்டத்தின் சராசரியைப் பார்க்க உண்டாக்கியது. ஒரு தனி ஆளுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அவர் அதைச் செய்யவில்லை.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று, நோயாளிகளுக்கு எப்படியும் எடுக்கிற ஸி.டி. படங்களையே எடுத்து தசையை அளந்தது. 2013ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 1473 பேர். நுரையீரல், ஜீரண உறுப்புப் புற்றுநோய்க்காரர்கள். எடை இழப்பு, தசைக் குறைவு, தசையில் கொழுப்பு ஆகிய மூன்றும் இருந்தவர்கள் சராசரியாக எட்டு மாதச் சொச்சம் இருந்தார்கள். மூன்றும் இல்லாதவர்கள் இருபத்தெட்டு மாதச் சொச்சம். முக்கியமானது என்னவென்றால், அந்த முதல் கூட்டத்தில் ஆள் குண்டா ஒல்லியா என்பது எந்த வித்தியாசமும் பண்ணவில்லை. குண்டான உடம்புக்குள்ளும் தசை உருகலாம், வெளியே தெரியாமல்.

சினைப்பைக்கு வருவோம். நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் என்ற ஊரைச் சேர்ந்த குழு 2016ல் 123 பெண்களின் படங்களைப் பார்த்தது. அத்தை மாதிரியே முற்றிய நிலையில் வந்தவர்கள். முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன். கீமோவுக்கு முன் ஒரு வில்லை, பின் ஒரு வில்லை. நூறு நாளைக்கு இரண்டு சதவிகிதமோ அதற்கு மேலோ தசை இழந்த பெண்கள், தசையைக் காப்பாற்றிக்கொண்டவர்களைவிடக் குறைந்த நாளே இருந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் வியன்னாவில் ஒரு குழு, தசை மங்கிப்போவது, அதாவது நான் சொன்ன கரையான் சமாசாரம், ஒரு கெட்ட சகுனம் என்று கண்டிருந்தது.

ஆனால் மாஸ்ட்ரிக்ட்காரர்களே இன்னொன்றும் செய்தார்கள். முதலிலேயே ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களைத் தனியாகப் பார்த்தார்கள். அங்கே, சிகிச்சைக்கு முன்னால் தசை குறைவாக இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஆயுளைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்பதைவிட, போகப்போக எவ்வளவு கரைகிறது என்பதில்தான் சேதி இருக்கிறது போலும். பாங்க் பாஸ்புக் மாதிரி. பாலன்ஸைவிட மாசா மாசம் குறைகிறதா என்பது முக்கியம்.

இன்னொரு எச்சரிக்கை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மழை வரும் என்பார்கள். அதற்காக எறும்பைப் பிடித்து நிறுத்திவிட்டால் மழை நின்றுவிடாது. தசை கரைவதும் அப்படி ஒரு எறும்பாக இருக்கலாம். நோய் கடுமையாக இருப்பதால் தசை கரைகிறது. தசையைக் காப்பாற்றினால் ஆயுள் இத்தனை நாள் கூடும் என்று எழுதிக் கொடுக்க எந்த நேர்மையான டாக்டரும் இன்று கையெழுத்துப் போடமாட்டார்.

அப்படியானால் அளந்து என்ன பிரயோசனம்? இருக்கிறது.

* * *

முதலாவது, மருந்தின் அளவு. இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் கார்போபிளாட்டின் என்ற மருந்தை, சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று பார்த்துக் கொடுப்பார்கள். 1989ல் கால்வெர்ட் என்பவர் கொடுத்த சூத்திரம். வடிகட்டும் வேகத்தை ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்துப் பெரும்பாலும் ஊகிப்பார்கள். கிரியாட்டினின் எங்கிருந்து வருகிறது? தசையிலிருந்து. தசை எரிகிற அடுப்பின் சாம்பல் அது. சாம்பல் கம்மியாக இருந்தால், ‘ஆஹா, சிறுநீரகம் சுத்தமாகப் பெருக்குகிறது’ என்று சூத்திரம் சந்தோஷப்படும். விறகே இல்லை என்பது அதற்குத் தெரியாது. விளைவு, மெலிந்தவருக்குத் தாங்குகிற அளவைவிட மருந்து கூடிவிடலாம். அதனால்தான் 2010ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தக் கணக்கில் வடிகட்டும் வேகத்தை 125க்கு மேல் போடாதீர்கள் என்று ஒரு கூரை போட்டது.

இரண்டாவது, படுக்கை. எங்கள் வீட்டில் அத்தையை அசைய விடவில்லை. தண்ணி வேணுமா, நான் எடுத்துத் தரேன். எழுந்திருக்காதீங்க. மெஷினா? மூச்! 2007ல் அமெரிக்காவில், எந்த வியாதியும் இல்லாத வயதானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. நோயே இல்லாதவர்களுக்கு, பத்தே நாளில்! நாங்கள் அத்தைக்கு மூன்று மாதம் அன்பு காட்டியிருந்தோம்.

மூன்றாவது, சாப்பாடு. வியாதிக்காரருக்குக் கஞ்சி என்பது நம் ஊர்ச் சட்டம். புற்றுநோய் நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு தினமும் ஒரு கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்கின்றன ஐரோப்பிய மருத்துவ வழிமுறைகள். அத்தைக்கு அறுபது கிராமாவது வேண்டும். அத்தை மகளும் நானும் ஒரு நாள் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். ரெண்டு இட்லி நாலு கிராம். ஒரு டம்ளர் பால் ஆறு. அரிசிக் கஞ்சி, ரசம் சாதம், மாதுளம் ஜூஸ்... என்ன கூட்டினாலும் முப்பதைத் தொடவில்லை. உறவுக்காரர்கள் கொண்டுவந்து குவித்த மாதுளம்பழத்தில் ஒரு கடை வைத்திருக்கலாம்.

சாப்பாடு போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பட்டினி கிடப்பவர் இளைப்பது வேறு, புற்றுநோயில் உருகுவது வேறு. நோயும் அதை எதிர்த்து உடம்பு கிளப்பும் அழற்சியும் சேர்ந்து தசையை எரிக்கின்றன. பசியையும் அடக்குகின்றன. சாதாரணமாக ஊட்டம் கொடுத்து இதை முழுக்கத் திருப்ப முடியாது என்று 2011லேயே நிபுணர்கள் கூடி எழுதிவிட்டார்கள். ஜப்பானில் 2021ல் அனாமொரெலின் என்று ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். 2024ல் பான்ஸெக்ரோமாப் என்ற ஊசி, பசியைக் கெடுக்கும் ஒரு ரத்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டி, நோயாளிகளின் எடையைக் கூட்டியது. இரண்டுமே வேறு புற்றுநோய்களில். சினைப்பைக்கு இன்னும் வரிசை வரவில்லை. அதுவரை கையிலிருப்பது பருப்பும், பாலும், முட்டையும், கொஞ்சம் நடையும்தான்.

* * *

டாக்டரைக் கேட்டோம். தாராளமாகச் செய்யுங்கள், மெதுவாக என்றார். (நீங்களும் கேட்டுவிட்டே செய்யவும். ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாளில், எலும்பில் கோளாறு இருந்தால், வேறு கணக்கு.) கஞ்சி போய் பயத்தம்பருப்புப் பொங்கல் வந்தது. சாயங்காலம் சுண்டல். பன்னீரை அத்தை “ரப்பர்” என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டார். முட்டை மட்டும் வாசல்படி தாண்டவில்லை.

ஒரு நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னேன். ஆசியக்காரர்களுக்கு 2019ல் வகுத்த அளவில், இதற்குப் பன்னிரண்டு நொடியோ மேலோ பிடித்தால் தசைபலம் போதாது என்று சந்தேகிக்கலாம். அத்தைக்கு முதல் நாள் மூன்றாவது தடவையிலேயே கை ஊன்ற வேண்டியிருந்தது. “நீ செஞ்சு காட்டுடா” என்றார். காட்டினேன். பதினான்கு நொடி. அத்தை ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

ஆறு வாரத்தில் ஐந்து தடவையும் கை ஊன்றாமல் எழுந்தார். அப்புறம் திண்ணை வரைக்கும் நடை. அப்புறம் மெஷின். “காலால மிதிக்கிறதுதானே எக்ஸர்ஸைஸ்?” என்று கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. கடைசி மூன்று கீமோவையும் தள்ளிப்போடாமல் முடித்தார். பொங்கலுக்கு எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். பொங்கலன்றே. ஒருவர்தான் நுழையலாம்.

2019 முழுக்க அத்தைக்கு நல்ல வருஷம். தெருவில் மூன்று கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்தார். நோய் திரும்பி வந்தது. இந்த நோய் பெரும்பாலும் திரும்பி வரும். 2020 பிப்ரவரியில் போய்விட்டார்.

அந்த நல்ல வருஷத்தைக் கொடுத்தது மருந்தா, ஆபரேஷனா, சுண்டலா என்று என்னால் பிரிக்க முடியாது. பிரிப்பது அவசியம் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் போன தசை பற்றித்தான் அவ்வப்போது தூக்கம் கெடுகிறது. அந்தப் படம் எங்கள் அலமாரியில்தான் இருந்தது. அதற்கு முன்னாலேயே அத்தை போனில் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மெஷின் டிராயரை அத்தை மகள் ஒழித்துக்கொண்டிருந்தாள். பாபின், ஊக்கு, பட்டன்களுக்கு அடியில் அத்தையின் அளவு நோட்டு இருந்தது. தெருவிலிருக்கிற பெண்கள் எல்லோருடைய பெயரும், அளவும். கடைசிப் பக்கத்தில் பெயர் போடாமல் ஒரு ஆள். ‘கை சுற்று’ என்று எழுதி, பக்கத்தில் தேதி. 2018 மார்ச், 12. மே, 11½. ஜூலை, 10¾. செப்டம்பர், 10. அதற்கு அப்புறம் இரண்டு மாதம் எதுவும் இல்லை. டிசம்பரில் 10¼ என்று எழுதி, அதன் கீழே ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் நன்றாகச் செய்த பிள்ளைகளுக்குப் போடுவாரே, அந்த மாதிரி சிவப்பு மையில்.

நான் என் டயரியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் எல்லாம் கிலோ. அழகான கையெழுத்து வேறு.

உங்கள் வீட்டில் யாராவது பெரிய வியாதிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். எடை மெஷினைத் தூக்கிப் போடவேண்டாம், பாவம், அதற்குத் தெரிந்ததை அது சொல்கிறது. கூடவே ஒரு இஞ்ச் டேப்பும் வாங்குங்கள். பத்து, இருபது ரூபாய்க்குள் கிடைக்கும். கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே, ஆண்களுக்கு 34க்குக் கீழே என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு பொய் சொல்லும். அப்போது கையைப் பாருங்கள். வளையல் நழுவுகிறதா, மோதிரம் சுழல்கிறதா, ரவிக்கை லூஸாகிறதா என்று கேளுங்கள். ஸ்கேன் எடுத்தால், ‘தசை எப்படி இருக்கிறது?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். படம் ஏற்கெனவே எடுத்ததுதான். கேட்பதற்குக் காசில்லை.

முக்கியமாக, அவர்களே ஏதாவது சொன்னால், வாயு என்று சொல்லாதீர்கள்.

கடிதம் எழுதிய வாசகிக்கு: டெய்லர்களைக் கிண்டல் செய்தது தப்புதான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தீபாவளிச் சட்டைக்காரரைத் தவிர.